வண்டி ஓடினால் போதுமா?



சம்பளம், வீடு, கோயில், பள்ளிக்கூடம் என்று எத்தனையோ சங்கதிகளைப் பேசி வருகிறோம். இன்று ஒரு வயரைப் பற்றிப் பேசப் போகிறேன். "வயரைப் பத்திப் பேச என்னய்யா இருக்கு?" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். அந்த வயருக்கு ஒரு முனையில் பேட்டரி இருக்கிறது. அது போகிற வழியில் டீசல் டாங்கி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நம் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

நான் சொல்வது இரும்புச் சங்கிலியில் ஓடும் பழைய டிராக்டரை. பால்மரத்தைச் சாய்த்தது, செம்பனை நட நிலத்தைத் தட்டியது, மலைச்சரிவில் பாதை வெட்டியது எல்லாம் அந்த வண்டிதான். டி4, டி6 என்று நம்பரைச் சொன்னாலே வயசான டிரைவர்களுக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். இப்போது பெரிய தோட்டங்களில் எக்ஸ்கவேட்டர் வந்துவிட்டது. ஆனாலும் சின்னத் தோட்டங்களிலும் குத்தகைக்காரர்களிடமும் பழைய சங்கிலி டிராக்டர்கள் இன்னும் உழைக்கின்றன. அதை ஓட்டுகிறவர்களில் நம்மவர் உண்டு. இந்தோனேசியத் தோழர் உண்டு. வங்காளதேசத் தோழர் உண்டு. தீக்கு இனமும் பாஸ்போர்ட்டும் தெரியாது.

இந்த வண்டிகளில் வயரை ஏன் யாரும் கவனிப்பதில்லை? காரணம் இஞ்சினிலேயே இருக்கிறது. பழைய டீசல் இஞ்சினுக்கு ஓடுவதற்குக் கரண்ட் வேண்டாம். டீசலை அமுக்கிக் கொடுக்கும் பம்பு இஞ்சினின் சுழற்சியாலேயே வேலை செய்கிறது. டீசல் போய்க்கொண்டிருக்கும் வரை இஞ்சின் ஓடும். பெட்ரோல் காரில் வயர் கெட்டால் வண்டி நின்றுவிடும். முதலாளி உடனே பட்டறைக்கு அனுப்புவார். சங்கிலி டிராக்டரில் வயர் வெந்தாலும், உரிந்தாலும், பாதி அறுந்தாலும் வண்டி பாட்டுக்கு ஓடும். போர்மன் கேட்பது ஒரே கேள்விதான்: "வண்டி ஓடுதுல்ல?" ஓடுது. அதோடு பேச்சு முடிந்தது.

தோழர்களே, ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. வண்டி ஓடுகிறது என்பது வயர் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

பழி யார் தலையில்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் நடந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். பின்விளக்குக்குப் போகும் வயரை யாரோ டீசல் குழாயோடு சேர்த்து ராஃபியா கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அது தகட்டு விளிம்பில் உரசி உரசி ரப்பர் போய்விட்டது. ஒரு நாள் சாயங்காலம் பொறி பறந்து சீட்டு எரிந்தது. டிரைவர் குதித்துத் தப்பினார், கையில் தீக்காயம். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பியபோது காரணம் கேட்டுக் கடிதம் காத்திருந்தது. "கவனக் குறைவாக இயந்திரத்தைக் கையாண்டதால் நிர்வாகத்துக்கு நஷ்டம்" என்று எழுதியிருந்தது.

உள்விசாரணையில் சங்கத்தின் சார்பில் நான் உட்கார்ந்திருந்தேன். "பட்டறைப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டேன். அந்த வண்டியின் பக்கத்தில் எண்ணெய் மாற்றியது இருந்தது. சங்கிலி ஆணி மாற்றியது இருந்தது. வயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "மூணு தடவ போர்மன்கிட்ட சொன்னேங்கய்யா" என்றார் டிரைவர். போர்மன் தலையைக் குனிந்துகொண்டார். வாயால் சொன்னது காற்றோடு போனது. வேலை போகவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துத்தான் விட்டார்கள்.

வயரைக் கட்டியவர் ஒருவர். கட்டச் சொன்னவர் ஒருவர். சாமான் வாங்கிக் கொடுக்காதவர் ஒருவர். வெந்தது டிரைவர் கை. குற்றவாளியும் அவரே! இது என்ன நியாயம்?

வயர் எப்படிச் சாகிறது?

இந்த வண்டியில் வயருக்கு நான்கு எமன்கள்.

முதல் எமன் சூடு. சாதாரண பிளாஸ்டிக் உறை போட்ட வயர் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். புகைக்குழாயோ பல நூறு டிகிரி சூடாகும். அதன் அருகே போகும் வயர் முதலில் இளகும், பிறகு மொறுமொறுவென்று உடையும்.

இரண்டாவது உரசல். தகட்டில் துளை போட்டு அதில் வெறும் வயரை நுழைத்தால், அந்தத் துளையின் விளிம்பு கத்தி மாதிரி அறுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது அதிர்வு. ரப்பர் டயர் இல்லாத வண்டி இது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு வேரும் உடம்பை உலுக்கும். வீட்டுக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி வயரை இதில் போட்டால் வளைந்து வளைந்து உள்ளுக்குள்ளேயே முறியும். மெல்லிய கம்பிகள் பல சேர்ந்த வண்டி வயர்தான் இதற்கு ஆகும்.

நான்காவது குப்பை. இஞ்சினுக்கு அடியில் பூட்டியிருக்கும் தகட்டில் சருகும், செம்பனை நாரும், கசிந்த எண்ணெயும் சேர்ந்து மெத்தை மாதிரி கிடக்கும். வண்டி நாலு நாள் சும்மா நின்றால் எலி வந்து வயரைக் கடிக்கும். மேலேயிருந்து ஒரு பொறி விழுந்தால் போதும். அந்த மெத்தை அடுப்பாகிவிடும்.

எப்படி இருக்க வேண்டும்?

இது பெரிய இஞ்சினியர் வித்தை அல்ல. சங்கிலி டிராக்டரில் இருக்கும் வயர்களை விரல்விட்டு எண்ணலாம். பேட்டரி, ஸ்டார்ட்டர், டைனமோ, நாலு விளக்கு, ஒன்றிரண்டு மீட்டர், அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்ய மனசு வேண்டும்.

பேட்டரியிலிருந்து ஆரம்பிப்போம். பல வண்டிகளில் பேட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கும். அதை ஆடாமல் பட்டை போட்டு இறுக்க வேண்டும். மேலே ரப்பர் மூடி வேண்டும். மூடி இல்லாவிட்டால் டிரைவர் உட்காரும்போது சீட்டுக் கம்பி கீழே இறங்கி இரண்டு முனையையும் தொட்டுவிடும். அப்போது பாய்வது விளக்குக்குப் போகும் கரண்ட் அல்ல, நூற்றுக்கணக்கான ஆம்பியர். ஸ்பேனரைக்கூடச் சிவக்க வைக்கும்.

பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயருக்குப் பெரும்பாலும் பியூஸ் இருக்காது. ஆகவே அதைக் குழந்தையைப் போலப் பாதுகாக்க வேண்டும். முழு நீளத்துக்கும் தடித்த உறைக்குழாய் போட வேண்டும். கூர்மையான இடத்தைத் தொடவே விடக்கூடாது. பேட்டரிக்குப் பக்கத்தில் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்று வேண்டும். வேலை முடிந்ததும் டிரைவர் அதைத் திருப்பிவிட்டு இறங்கினால் ராத்திரி கொட்டகையில் வண்டி தானாக எரியும் பயம் பெருமளவு குறையும்.

மற்ற வயர்கள் எல்லாவற்றுக்கும் பியூஸ் வேண்டும். அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்து என்ன பயன்? பியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள நீளத்துக்குக் காவல் கிடையாது.

ஒரு கணக்குப் பாருங்கள். 36 வாட் விளக்கு நான்கு என்றால் மொத்தம் 144 வாட். 12 வோல்ட் வண்டியில் அது 12 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் போதும். வயர் அந்த 15-ஐயும் சூடேறாமல் தாங்கக்கூடிய தடிப்பில் இருக்க வேண்டும். பழைய 6 வோல்ட் வண்டியில் அதே விளக்குகளுக்கு 24 ஆம்பியர் வேண்டும். கரண்ட் இரண்டு மடங்கு என்பதால் இன்னும் தடித்த வயர் வேண்டும். "ஏதோ ஒரு வயர் இருந்தாச் சரி" என்று சொல்வதற்கு இடமே இல்லை.

வயர் போகும் வழியை முதலில் கண்ணால் நடந்து பார்க்க வேண்டும். புகைக்குழாயை விட்டுக் குறைந்தது ஒரு சாண் தள்ளிப் போக வேண்டும். கியர் கம்பி, ஸ்டீயரிங் கம்பி, பிரேக் மிதி ஆகியவை அசையும் தூரத்துக்குள் வரக்கூடாது. சங்கிலி வாரி அடிக்கும் மண்ணும் கல்லும் படாத உள்பக்கமாகப் போக வேண்டும். டீசல் குழாயோடும் எண்ணெய்க் குழாயோடும் சேர்த்துக் கட்டவே கூடாது. வயரையும் டீசலையும் ஒன்றாகக் கட்டுவது தீக்குச்சியையும் பெட்டியையும் உரசி வைப்பதற்குச் சமம்.

வளையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் வயரை விட்டு, ஓர் அடிக்கு ஒரு கிளிப் போட்டு, இரும்பில் நன்றாகப் பிடிக்க வேண்டும். தொங்கவிடக் கூடாது, வீணைக் கம்பி மாதிரி இழுத்தும் கட்டக் கூடாது. அசையும் பாகத்துக்குப் போகும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். தகட்டில் துளை வழியாகப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் வேண்டும்.

ஜாயின்ட் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு நாள் சமாளிப்பு. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் டேப் பசை இளகிக் கழன்றுவிடும். முனைக்கு லக் வைத்து அதற்குரிய கருவியால் நசுக்கி இறுக்க வேண்டும். விளக்குக்கு எர்த் கொடுக்கும்போது துருவையும் பெயின்டையும் சுரண்டி வெறும் இரும்பில் பூட்ட வேண்டும். இன்னும் நல்லது, ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வரும் வயரைத் தனியாகப் போடுவது.

வேலையை ஆரம்பிக்கும் முன், எது வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறதோ அந்த பேட்டரி முனையை முதலில் கழற்ற வேண்டும். கடைசியில்தான் மாட்ட வேண்டும். பெரும்பாலும் அது நெகட்டிவ். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். "எல்லாம் ஒண்ணுதானே" என்று கை வைக்கக்கூடாது. மாற்றிக் கழற்றினால் ஸ்பேனர் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் வாயு நிற்கும். பொறி பட்டால் வெடிக்கும்.

இன்னொரு சங்கதி, சின்ன இஞ்சினைப் பற்றி. 1950-களில் செய்த டி4, டி6 வண்டிகளில் பெரிய டீசல் இஞ்சினைக் கிளப்புவதற்கென்று பெட்ரோலில் ஓடும் சின்ன இஞ்சின் ஒன்று இருக்கும். அதற்குப் பொறி கொடுப்பது மேக்னெட்டோ. மேக்னெட்டோ வயர் மற்ற வயருக்கு நேர்மாறு. அதை உடம்போடு சேர்த்தால்தான் இஞ்சின் நிற்கும். ஆகவே அந்த வயர் உரிந்து எங்காவது தகட்டில் பட்டால் இஞ்சின் கிளம்பவே கிளம்பாது. டிரைவர் வேர்க்க விறுவிறுக்கக் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பார். அறுந்துவிட்டாலோ சுவிட்சை அணைத்தும் இஞ்சின் நிற்காது. பக்கத்தில் பெட்ரோல் கசிகிறது, இஞ்சினை நிறுத்த முடியவில்லை என்றால் என்ன ஆகும்? இதைத் தெரியாமல் அந்த வண்டியில் கை வைப்பவரை யார் அனுப்பினாரோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நிர்வாகம் சொல்லும் சாக்கு

"வண்டி பழசு, சாமான் கிடைக்காது" என்பார்கள். சங்கிலி ஆணி கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். வயரும், பியூஸும், கிளிப்பும், ரப்பர் வளையமும் எந்தப் பட்டணத்து வண்டிச் சாமான் கடையிலும் கிடைக்கும். வண்டியின் மற்ற எந்தப் பாகத்தையும்விட மலிவாகப் புதுசாக்கக் கூடியது இதுதான்.

"நேரமில்லை, நிலம் தட்டி முடியணும்" என்பார்கள். வண்டி எரிந்தால் நிலத்தை யார் தட்டுவது?

"வண்டி குத்தகைக்காரனுடையது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பார்கள். இந்தப் பேச்சு இனிச் செல்லாது. அதற்குத்தான் சட்டம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. இயந்திரத்தைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 15-ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். திருத்தத்துக்கு முன் அபராதம் 50,000 வெள்ளிதான். குத்தகைக்காரரிடம் வேலையைக் கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று 18A பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலையில் உள்ள அபாயத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்கிறது 18B. அப்படி மதிப்பிடும்போது இந்த வயரையும் யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள்.

பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. இது 26-ஆவது பிரிவு. "பியூஸ் வாங்கினோம், சம்பளத்துல கழிச்சுக்கிறோம்" என்றால் விடாதீர்கள். கண்ணெதிரே ஆபத்து இருந்து, சொல்லியும் நிர்வாகம் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையை விட்டு விலகி நிற்கும் உரிமையை 26A கொடுக்கிறது. புகார் சொன்னதற்காக வேலை நீக்குவதை 27-ஆவது பிரிவு தடுக்கிறது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும். அந்தக் கமிட்டியில் டிரைவர்களின் ஆள் ஒருவரை உட்கார வையுங்கள். கிராணிகள் மட்டும் உட்கார்ந்து டீ குடிக்கும் கமிட்டியால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை.

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் அந்நிய நாட்டுத் தோழர்களுக்கும் வேலை விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அவர்களுக்குத் தெரியாவிட்டால் நாம்தான் சொல்ல வேண்டும்.

நம் பங்கு

நியாயம் பேசும்போது நம் பக்கத்தையும் பேசிவிட வேண்டும். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் சொருகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பியூஸ் போவது கோளாறு அல்ல. "எங்கேயோ வயர் தொடுது" என்று அது கூப்பிடும் குரல். வெள்ளித்தாள் அந்தக் குரல்வளையை நெரிக்கிறது. "எப்படியோ ஓட்டிருவேன்" என்பது கெட்டிக்காரத்தனமாகத் தெரியலாம். விசாரணை என்று வந்தால், முதலில் தூக்கிக் காட்டுவது அந்த வெள்ளித்தாளைத்தான்.

ஆகவே டிரைவர் தோழர்களுக்குச் சொல்கிறேன். காலையில் இஞ்சினைக் கிளப்பும் முன் ஐந்து நிமிஷம் வண்டியைச் சுற்றி வாருங்கள். பேட்டரி ஆடுகிறதா, வயர் எங்காவது தொங்குகிறதா, ரப்பர் உரிந்திருக்கிறதா, கருகின வாடை வருகிறதா, அடித்தகட்டில் சருகு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தீயணைக்கும் பவுடர் உருளை தரையில் நின்றபடியே எட்டும் இடத்தில் இருக்கட்டும். தீ பிடித்தால் முதலில் டீசலை அடைக்கும் கம்பியை இழுத்து இஞ்சினை நிறுத்துங்கள். கை எட்டினால் பேட்டரி சுவிட்சைத் திருப்புங்கள். எட்டாவிட்டால் இறங்கி விலகிவிடுங்கள். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வண்டியைக் காப்பாற்றப் போய் உயிரை விடாதீர்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும், பிள்ளைகளுக்கு அப்பா ஒருவர்தான்.

கோளாறு கண்டால் வாயால் சொன்னதோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். தேதி, வண்டி நம்பர், என்ன கோளாறு. மூன்று வரி போதும். தமிழில் எழுதினாலும் சரி, மலாயில் எழுதினாலும் சரி. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் போர்மன் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் கைப்பேசியில் படம் எடுத்துத் தோட்டக் கமிட்டித் தலைவருக்கு அனுப்புங்கள். எழுதத் தயங்குகிறவருக்கு வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் துண்டுக் காகிதம்தான் நாளைக்கு விசாரணையில் நமக்காகப் பேசும் சாட்சி.

தாய்மார்களே, சாயங்காலம் வீட்டுக்காரர் வரும்போது "இன்னைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுனீங்க?" என்று கேட்பதோடு, "வண்டி வயரச் சரி பண்ணிட்டாங்களா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் கேள்வி எழுந்தால் ஆபீசிலும் எழும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது மூன்றே மூன்று. ஒவ்வொரு பழைய வண்டியையும் ஒரு நாள் நிறுத்தி, வயர் முழுவதையும் விஷயம் தெரிந்தவரைக் கொண்டு புதுசாக்க வேண்டும். பட்டறைப் புத்தகத்தில் எண்ணெய்க்கும் சங்கிலிக்கும் இருப்பதுபோல வயருக்கும் ஒரு பத்தி வேண்டும். எழுதிக் கொடுத்த கோளாறு தீரும் வரை அந்த வண்டியை வேலைக்கு அனுப்பக் கூடாது.

இதில் நிர்வாகத்துக்கு நஷ்டமாகும் சங்கதி ஒன்றுகூட இல்லை. அடுத்த தோட்டக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி மானேஜரின் மேஜையில் வையுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்.